மாதா நின்ற மாடம்

மொன்றியல் மலையடியில் அந்த வீடு இரண்டு பக்கச் சுவரையும் அயலாருக்குக் கொடுத்துவிட்டு ஒடுங்கி உயர்ந்து நின்றது. ஆங்கிலேயர் முந்தின நூற்றாண்டில் கட்டிய சாம்பற்கல் வீடு. தெருவிலிருந்து மேலேறினால் எசமானர் வாசல், கீழே இறங்கினால் வேலைக்காரர் வாசல். படிக்கட்டும் அப்படியே இரண்டு. முன்னால் வளைந்து ஏறுவது அவர்களுக்கு. பின்னால் இருட்டில் செங்குத்தாக நிற்பது மற்றவர்களுக்கு.

வீட்டுக்கார மூதாட்டி மிஸிஸ் ஹார்ட்லியைப் பராமரிக்க றோஸ்மேரி ஆண்டுக்கணக்காகக் கீழ்வாசலால்தான் வந்துபோனாள். வந்த புதிதில் முன்படி வளைவுச் சுவரில் ஆழமாகக் குடைந்த வெறும் மாடமொன்றைக் கண்டாள். மன்னார்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? சுரூபம் வைக்கிற இடம், யாரோ எடுத்துவிட்டார்கள் பாவம் என்று, தன் மடு மாதாவைக் கொண்டுவந்து வைத்தாள். இடுப்பளவு உயரத்தில் தாழ்வாக இருக்கிறதே என்பதுதான் அவளுக்குக் குறை. மாதாவை வணங்காத சபையைச் சேர்ந்த மிஸிஸ் ஹார்ட்லி பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"எனக்குத் தேவைப்படுமட்டும் இருக்கட்டும்."

பூச்சாடி வைக்கக் கேட்பாராக்கும் என்று றோஸ்மேரி நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாசி மாதத்தில் அவர் மேல்மாடியில் தம் கட்டிலிலேயே கண்மூடினார். அதற்கு முன் றோஸ்மேரியின் கையைப் பிடித்து ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: தம்மைச் சவப்பெட்டியில் படுத்தபடி, முன்படியால்தான் இறக்கவேண்டும்.

பெட்டியோடு வந்தவர் வளைவைப் பார்த்துத் தலையசைத்தார். "இதில் திரும்பாது, மதாம். துணியில் சுற்றிப் பின்படியால் இறக்குவோம்."

"ஐயோ, அது கரி சுமந்த படியெல்லோ! நான் வாக்குக் குடுத்திட்டன்" என்று றோஸ்மேரி கணவன் மரியதாசனிடம் விம்மினாள்.

துணைக்கு வந்திருந்த அவர் வளைவில் நின்று கையால் அளந்து பார்த்தார். "தலைமாட்டு மூலைதான் இடிக்கும். எங்கையெண்டு பாருமப்பா. நேரா உம்மட மாதாவின்ர நெஞ்சில."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"விசரில்லை. பெட்டி திரும்பத்தான் இதைக் குடைஞ்சிருக்கிறாங்கள்."

றோஸ்மேரி மாடத்தையே பார்த்தாள். இடுப்பளவு. பெட்டி தூக்குகிறவர்களின் கையுயரம்.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. "தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொரு நாளும் இதாலை ஏறி இறங்கினவ."

மாதாவை எடுத்தாள். நால்வர் தூக்கினார்கள். பெட்டியின் மூலை மாடத்துக்குள் நுழைந்து, மெல்லத் திரும்பி, சுவரில் ஒரு கீறலுமில்லாமல் வெளியே வந்தது.

"வழி விடும்" என்றார் மரியதாசன்.

"மாதா முன்னுக்குப் போகட்டும்."

சுரூபத்தைச் சால்வைக்குள் அணைத்தபடி அவள் முன்னே இறங்கினாள். அடியில் வந்ததும் கால் பழக்கத்தில் கீழ்வாசல் பக்கம் திரும்பியது. நின்றாள். பிறகு பெரிய கதவைத் தானே விரியத் திறந்து, பனி கொட்டும் தெருவுக்கு மேல்வாசலால் இறங்கினாள்.