மிச்சக் கறியும் அறுநூற்று நாற்பது தட்டுகளும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பெரிய இசைவிழாக்களால் மண்ணுக்கும் நீருக்கும் வரும் கேட்டைக் குறைப்பது எப்படி என்று ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டது. நானும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரித் தலையாட்டிவிட்டேன். மூன்று பத்தி ஓடியது. நான்காவதில் எனக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரத்தில்தான் பிரீனா என்கிற வேதியியல் டீச்சர் உள்ளே வந்தாள்.

2

முதல் தொடக்கம்: இராஜாக்கமங்கலத்துக் கடற்காற்றில் மேடைத் திரை படபடக்க, பிரீனாவின் கண்களில்

(வேண்டாம். அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.)

இரண்டாவது தொடக்கம்: சனிக்கிழமை காலை, இசைவிழா முடிந்த மைதானத்தில் பிரீனா மூன்றாம் தடவையாகத் தட்டுகளை எண்ணி முடித்தாள். அறுநூற்று நாற்பது குறைந்தது.

இது இருக்கட்டும்.

போன வருடம் இதே விழாவில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டில்தான் சாப்பாடு. மூன்று நாளில் சேர்ந்த தட்டெல்லாம் காற்றில் பறந்து, பாதி கடலுக்குள்ளும் பாதி தென்னந்தோப்புக்குள்ளும் போனது. இந்த வருடம் விழாக் குழுவில் பிரீனா எழுந்து நின்று, எவர்சில்வர் தட்டு போதும், கழுவிக் கழுவிப் போடலாம் என்றாள். நான்கு கிறிஸ்தவ சபைகளின் அசனத் தட்டுகளை இரவல் கேட்டாள். அசனம் என்பது சபையார் எல்லோரும் கூடி உட்கார்ந்து உண்ணும் ஆண்டு விருந்து. அதற்கென்றே ஆலயத்து அறையில் தட்டுகள் அடுக்கிக் கிடக்கும். கேட்டது மகள், ஆனால் ஒவ்வொரு சபையிலும் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தது தாய் எலிசா. பெண்கள் சங்கச் செயலாளர். "ஒரு தட்டு கொறயாது, நான் பொறுப்பு." இரண்டாயிரம் தட்டு வந்தது. அடையாளத்துக்கு, சபைக்கு ஒரு நிறமாக அடியில் நகப்பூச்சு வைத்தார்கள்.

3

எனக்கு இந்தப் பிரீனாமேல் ஒரு சந்தேகம். அளவுக்கு மீறி நல்லவளாக வருகிறாள். சைக்கிளில் போகிறாள், துணிப்பை வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியோடு எழுநூறு சொல் குடித்தனம் நடத்த முடியாது. அவளிடம் ஒரு குறை தேடினேன், கிடைத்தது: ஜனங்கள்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அறுநூற்று நாற்பது என்றதும் அவள் மனதில் வந்த முதல் சொல், திருட்டு.

குழுத் தலைவர் சுயம்புராஜ், வடசேரியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், தட்டுக்குக் கால் மொளச்சிட்டா?"

"தேடிட்டு இருக்கோம் அண்ணாச்சி."

"சபைக்காரங்க மொகத்துல நான் எப்பிடி முழிக்க? இந்தச் சோலி நமக்கு வேண்டாம். அடுத்த வருசம் பழையபடி பேப்பர் தட்டுதான், பாத்துக்கிடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பிரீனாவின் பயம் வேறு. விழா போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா எப்படி ஆலயத்துக்குள் நுழைவாள்?

4

(இங்கே எலிசாவை அழவைக்க நினைத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.)

"நேத்து கடைசில நீ மைக்குல என்னமோ சொன்னியே, என்னட்டி அது?"

"சோறும் கறியும் மிச்சம் இருக்கு, குப்பையில கொட்ட வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொன்னேன்."

"எதுல?"

பிரீனாவின் பார்வை கிழங்கு கிடந்த தட்டுக்குப் போனது.

"அசனம்னா தூக்குவாளியும் கொண்டுதான் வருவாவ. பாட்டு கேக்க வாறவ தூக்குவாளியோடயா வருவாவ? நீ கொண்டு போங்கன்னு சொன்ன, அவிய கொண்டு போயிட்டாவ. ஒரு தட்டுல சோறும் கறியும், மேல இன்னொரு தட்டக் கவுத்தி. நான் கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்திய?"

"பின்னே? வீட்டுல எழும்ப முடியாம கெடக்கவங்களுக்குக் கொண்டு போறத மறிக்கவா சொல்லுக?"

பிரீனா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்தாள். ஒரு பருக்கை வீணாகவில்லை என்று காலை வரை பெருமைப்பட்டது அவள்தான். தட்டை அனுப்பிவைத்ததும் அவள்தான். அறுநூற்று நாற்பதைப் பாதியாக்கிப் பார்த்தாள். முந்நூற்று இருபது வீடு.

"திரும்பி வருமா அம்மா?"

"கழுவாண்டாமா? வெறுந்தட்டாவா கொண்டு வருவாவ? பொறு."

5

[விவரம் தெரிந்த வாசகர் இங்கே என்னைப் பிடித்துக்கொள்வார்: தட்டெல்லாம் ஒரு விஷயமா? கூட்டம் வந்துபோகும் வண்டிப்புகை? ஆரல்வாய்மொழியில் இத்தனை காற்றாலை சுற்ற, மேடைக்கு டீசல் ஜெனரேட்டர் ஏன்? நியாயமான கேள்வி. சபை வாரியாகப் பேருந்து அமர்த்தியதையும், ஜெனரேட்டரோடு பிரீனா சண்டை போட்டுத் தோற்றதையும் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். தட்டில் தோற்றால் மற்ற எதையும் அவள் பேச்சைக் கேட்டு யாரும் செய்யப்போவதில்லை.]

6

முடிவு அ: தட்டு வரவில்லை. எலிசா ஆலயத்தில் எழுந்து நின்று (அரைப் பக்கம் எழுதினேன். மனது கேட்கவில்லை. கிழித்தேன்.)

முடிவு ஆ: சரியாக அறுநூற்று நாற்பதும் வந்தன. (நம் ஊரில் எந்த விசேஷத்தில் கணக்கு சரியாக வந்திருக்கிறது? இதையும் கிழித்தேன்.)

நடந்தது வேறு. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஆலயப் படிக்கட்டில் தட்டுகள். சபையார் மட்டுமல்ல, ஆலயத்துக்குள் கால் வைத்தே இராதவர்களும் நகப்பூச்சு நிறத்தை விசாரித்துத் தேடி வந்திருந்தார்கள். ஒன்றில் ரசகதலிப் பழம், ஒன்றில் முந்திரிக்கொத்து, ஒன்றில் பொரித்த அயிலை மீன். சபிதா என்றொரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"டீச்சர், கோவிக்காதீங்க. அம்மைக்கு இடுப்பு ஒடிஞ்சு ஒரு வருசமா படுக்கை. பாட்டு சத்தம் கேட்டுச்சு, கறியும் வந்துச்சு, இனி என்ன வேணும்னு ரெண்டு நாளா அதே பேச்சு."

பிரீனாவுக்கு, திருட்டு என்று நினைத்ததற்குத் தன்னையே அறையலாம்போல இருந்தது. ஆனால் கை நிறையத் தட்டு. அப்பாடா என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சுயம்புராஜ் முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, "அடுத்த வருசம் தூக்குவாளியோட வரணும்னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டுருங்க டீச்சர்" என்றார். பேப்பர் தட்டு பற்றி ஒரு பேச்சில்லை.

7

திங்கள் மாலை எலிசா எண்ணி முடித்தாள். அறுநூற்று ஐம்பத்தொன்று. பதினொன்று கூடுதல், அடியில் நகப்பூச்சும் இல்லை. கொண்டுபோன தட்டோடு, பலகாரம் மூட என்று தங்கள் வீட்டுத் தட்டையும் சேர்த்துத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இரவல் வாங்கினத விட இது பெரிய சோலியால்லா இருக்கு" என்றாள் எலிசா.

ஒரு பத்தி எழுதி அந்தப் பதினொன்றையும் உரியவரிடம் சேர்த்துவிட என்னால் முடியும். மாட்டேன். உங்கள் அடுக்களையில் ஒரு தட்டு குறைகிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். குறைந்தால் பிரீனா வீட்டுக்கு வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள், அங்கே பழம் வைக்க இனி இடமில்லை.