யார் சொன்னால் வெளியே வருவது

"முத்தம்மா, அன்னிக்கு நடந்ததை நீ வகுப்புல வந்து சொல்லணும்" என்றார் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் மத்தியாஸ் கிராணி.

லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார். முத்தம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எந்த வகுப்பு?"

"தீயை அணைக்கப் போறப்ப ஆளுங்களை நடத்துறவங்களுக்கு. துரை என்னைய நடத்தச் சொல்லிட்டாரு. கங்காணிமாரு எல்லாரும் வருவாங்க. ஈயம் தோண்டிட்டு விட்டுப்போன நிலம் பூரா லாலாங் புல்லு காய்ஞ்சு கெடக்கு. இந்த வெயில்ல மறுபடியும் பிடிக்கும்."

"பிடிக்கும்."

"நீ அங்க இருந்தவ. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒருதரம் சொல்லு. அதை வச்சுத்தான் நான் பாடத்தையே கட்டணும்."

அவள் களைந்த நீரைக் கீழே ஊற்றினாள்.

"புகை வந்துச்சு. மாயாண்டி கங்காணி ஆளுங்க நாங்க மேட்டுப் பக்கம் ஈரச் சாக்கால அடிச்சுக்கிட்டு இருந்தோம். கங்காணி துரை பங்களாவுக்குச் சேதி சொல்லப் போயிருந்தாரு. காத்து திரும்புச்சு. பிச்சைமுத்து கங்காணி ரோட்டுல நின்னு, 'வெளிய வாங்க, வெளிய வாங்க'ன்னாரு. நான், 'கூப்பிடுறாரு பாருங்க'ன்னேன். எங்க வீட்டுக்காரரு, 'அது அவரு ஆளுங்களுக்கு. நம்ம கங்காணி வந்து, ஏன்டா எடத்தை விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றது'ன்னாரு. நான் தண்ணி எடுக்க எறங்கினேன். திரும்பி வர்றதுக்குள்ள தீ அவரை முடிச்சிருச்சு. அவ்வளவுதான்."

மத்தியாஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரரு அப்பாவு அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

"இப்ப உன் தம்பி சீனியும் மாயாண்டி ஆளுதானே?"

"முன்வரிசையில போட்டிருக்காங்க. சாக்கு நல்லா வீசுவானாம்."

அடுப்பில் உலை கொதித்தது. அவள் அரிசியைப் போட்டாள். "பால் வெட்டு முடிஞ்சு வாரேன்" என்றாள்.

ரப்பர்ப் பால் கொட்டகையில் பாடம் நடந்தது. சிமெந்துத் தரையில் மத்தியாஸ் கரித்துண்டால் மேட்டையும் ரோட்டையும் சுங்கை ஓடையையும் வரைந்திருந்தார். கங்காணிகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மா கதவோரம் நின்றாள்.

"தீக்குப் போனா முதல்ல என்ன பாக்கணும்?"

"தீயை" என்றார் ஒருவர்.

"இல்லை. வெளிய வர்ற வழியை. அடுத்தது காத்து. இப்ப காத்து எந்தப் பக்கம் அடிக்குது, பிச்சைமுத்து?"

"வாயில வெத்தலை இருக்கு கிராணி. துப்பிப் பாத்தாதான் தெரியும்."

சிரித்தார்கள்.

"துப்புங்க. எங்க விழுதுன்னு பாருங்க. அதுவும் ஒரு வழிதான். அப்புறம், எரிஞ்சு முடிஞ்ச கரி நிலம் எப்பவும் ஆளுங்க பக்கத்துல இருக்கணும். ஒதுங்க அதுதான் எடம். எல்லாரும் அடிக்கக் கூடாது. ஒருத்தன் சும்மா நின்னு தீயையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

"சும்மா நிக்கிறவனுக்கும் கூலிக்குப் பேர் போடுவீங்களா? அப்ப நான் நிக்கிறேன்."

"போடுவேன், பிச்சை. கடைசியா ஒண்ணு. தீயில தலை ஒண்ணுதான். அன்னிக்கு யாரை நிறுத்துறோமோ அவரு சொல்றதை எல்லாரும் கேக்கணும். எந்தக் கங்காணி ஆளா இருந்தாலும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கங்காணியும் தன் ஊருக்குப் போய், தன் சனத்தில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். வேலை, சண்டை, கல்யாணம் எல்லாம் அவர் சொல்படி. ஒருவர் ஆளை இன்னொருவர் ஏவினால் அது அவமானம்.

"என் ஆளுங்களுக்கு நான் சொல்லுவேன்" என்றார் மாயாண்டி.

"நீங்க அங்க இல்லாட்டி?"

மத்தியாஸ் கதவுப் பக்கம் திரும்பி, "முத்தம்மா" என்றார்.

அவள் லயத்தில் சொன்ன அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னாள். யாருக்கோ நடந்ததைப் போல இருந்தது. சொல்லி முடித்து முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

மாயாண்டி தரையிலிருந்த கரிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்பாவுவைக் கப்பலேத்துனது நான்தான்" என்றார்.

"ஆமா கங்காணி. என்னையும்தான்."

மறுநாள் ஒத்திகை. ஒரு துண்டு லாலாங்கைச் சுற்றி மண்வெட்டியால் கொத்தி வெறும் மண்ணாக்கியிருந்தார்கள். தீ அதைத் தாண்டாது. பிச்சைமுத்துதான் தலை, கழுத்தில் விசில். மத்தியாஸ் மாயாண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்கள் கண்ணில் படாத இடத்தில் நிற்கச் சொன்னார்.

"நான் என்ன, திருடனா?"

"அன்னிக்கும் நீங்க இல்லையே கங்காணி. அதுக்குத்தான்."

தீ வைத்தார்கள். புல் சடசடவென்று எரிந்தது. சற்று நேரம் அடித்த பிறகு பிச்சைமுத்து விசில் ஊதி, "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். மாயாண்டியின் ஆட்கள் சாக்கை வீசிக்கொண்டே இருந்தார்கள்.

"செவிடா நீங்க?" என்றார் பிச்சைமுத்து.

முத்தம்மா ஓரமாகப் போய் நின்றாள். "சீனி, வா."

"நம்ம கங்காணி சொல்லலையே அக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைத் தாண்டினாள். மாயாண்டி ஒரு பால்மரத்தில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வந்துட்டாங்களா?"

"இல்லை."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அது அவருக்கே தெரிந்தது போலிருந்தது, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சொல்லணும்" என்றாள் முத்தம்மா. "நான் இல்லாதப்ப அவரு பேச்சைக் கேளுங்கன்னு, உங்க வாயால."

"சொன்னா? இன்னிக்குத் தீயில கேப்பாங்க. நாளைக்குப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்பவும் கேப்பாங்க. அப்புறம் அவன் பின்னாலயே போயிடுவாங்க."

"போகட்டும். உசுரோட போகட்டும்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே."

"எனக்கு ஒண்ணும் இல்லை கங்காணி. சீனி ஒருத்தன் இருக்கான்."

மாயாண்டி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். கட்டி முடிக்க நேரமாயிற்று. பிறகு ரோட்டைத் தாண்டினார். துண்டுப் புல் எரிந்து தானாக அடங்கியிருந்தது. அவருடைய ஆட்கள் கரியில் நின்று அவரைப் பார்த்தார்கள்.

"தீன்னு வந்தா, யாரைத் தலையா நிறுத்துறாங்களோ அவன் சொல்றதுதான் நான் சொல்றது. வெளிய வான்னா வந்துடணும். எடத்தை ஏன் விட்டேன்னு நான் கேக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "பிச்சைமுத்தா இருந்தாலும்" என்றார்.

"அந்தக் கடைசி வார்த்தையை இன்னொருதரம் சொல்லுங்க மச்சான், காதுல விழலை" என்றார் பிச்சைமுத்து.

"உன் விசிலை ஊதுடா."

மாயாண்டி திரும்பவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். பக்கத்துத் துண்டில் தீ வைத்தார்கள். புகை எழுந்தது. பிச்சைமுத்து ஊதினார்.

வந்துவிட்டார்கள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கூட்டமும் கலந்து, ஏதோ பேசிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். சீனி யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டே வந்தான். அவர்கள் வந்து நின்ற பிறகும் தீ நடுப்புல்லில்தான் இருந்தது.

தீக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை முத்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியாஸ் பக்கத்தில் வந்து, "பாத்தியா, வந்துட்டாங்க" என்றார்.

"வெளிய வர்றதுக்கு இவ்வளவுதானா கிராணி ஐயா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதான் முத்தம்மா."

"நாளைக்கும் நான் வரணுமா?"

"வேணாம்."

"அப்ப பால் வெட்ட மரத்துக்குப் போறேன்" என்றாள்.