தெரியும் டாக்டர்

பம்பு ரிப்பேருக்குப் போனால் வீட்டுக்காரரை வாய் திறக்க விடமாட்டேன். "ஒரு சத்தம் வருதுங்க, அப்புறம்..." என்று இழுத்தால், "தெரியும், தள்ளுங்க" என்பேன். முப்பது வருஷப் பழக்கம். புராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசியபோதும் அதுதான் முந்திக்கொண்டது. பக்கத்தில் என் மகள் வேறு. "இதுக்கப்புறம் தாம்பத்தியத்துல..." என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குக் கூசிவிட்டது. "தெரியும் டாக்டர், எல்லாம் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஒரு மண்ணும் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போய்த் தவித்தவனுக்குத் தாராளமாகப் போயிற்று. ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் அவள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நானும் என் மனைவியும் நெருங்கினோம். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. உச்சமும் வந்தது. ஆனால் விந்து ஒரு துளிகூட வரவில்லை. வெலவெலத்துப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "என்னங்க ஆச்சு?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஹாலில் படுக்கை. முதுகுவலி என்று ஒரு பொய். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. போன இடத்தில் வால்வைத் திருப்பி மாட்டிவிட்டு, தண்ணீர் ஏறவில்லை என்று திட்டு வாங்கினேன். அறுக்கக்கூடாத எதையோ டாக்டர் அறுத்துத் தொலைத்துவிட்டார் என்று கறுவிக்கொண்டே இரண்டு மாதம் திரிந்தேன்.

நேற்றுக் காலை என் மனைவி பெட்டியில் துணி அடுக்கினாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"சொல்லத் தெரியல."

இந்த ஆள் இனி எதற்கு என்று முடிவு கட்டிவிட்டாள், வேறென்ன? நேராக டாக்டரிடம் போய்க் கத்தினேன்.

நான் ஓயும்வரை அவர் பொறுத்திருந்தார். "எதுவும் கெட்டுப் போகல. முன்னால வர்றதுக்குப் பதிலா அது மூத்திரப்பைக்குள்ள போயிடுது. அப்புறம் சிறுநீரோட வெளியேறிடும். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படித்தான். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல."

அசடு வழிய எழுந்து, ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, டாக்டர் சொன்னது முழுவதையும் கொட்டினேன். "பயந்துதான் தள்ளிப் படுத்தேன். இவன் ஒண்ணுக்கும் உதவாதவன்னு நீ நினைச்சிடுவியோன்னு..."

அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு என் முகத்தக்கூடப் பார்க்காம எழுந்து போனீங்க. என் உடம்பு உங்களுக்கு அருவருத்துப் போச்சுன்னு நினைச்சேன். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கல. ரூம்ல இருந்த கண்ணாடிய மறுநாளே கழட்டி வச்சுட்டேன்."

படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இந்த இரண்டு மாதமும் தினம் சட்டை எடுக்க அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன்.