அக்காவுக்கு ஒரு வரன்

வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கைப்பேசியை அவன் பக்கம் நீட்டினார். படத்தில் ஒருவன் கார் மேல் சாய்ந்து நின்றான்.

"என் அண்ணன் பையன். உங்க அக்காவுக்குப் பொருத்தமா இருப்பான். வீட்டு ஆம்பளை நீதானே தம்பி, நீ சொல்லு."

எல்லாம் அவன் வாய் செய்த வேலை. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை; அந்த 'அக்கா' இரண்டு தெரு தள்ளி மருத்துவமனையில் நர்ஸ். அப்போது வெறும் சிநேகிதம்தான். பஸ்ஸில் நசுங்கியே பாதி ஆயுளைத் தொலைத்தவர்களுக்கு இந்தக் குடியிருப்பு வரமாகத் தெரிந்தது. கேட்டைத் தாண்டினால் கடை, பூங்கா, வேலை எல்லாமே நடை தூரம். வாடகையைப் பங்கு போட்டால் சமாளிக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். "இவங்க யாரு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டதுதான் தாமதம், "அக்காங்க" என்று உளறிவிட்டான். பொண்டாட்டி என்று சொல்லக் கூச்சம். தங்கச்சி என்றால் அவள் உதைப்பாள். அன்றிலிருந்து காவலாளி முதல் நாயோடு நடக்கும் கிழவர் வரை எல்லோருக்கும் அவன் தம்பி. அவளும் ஆள் இருந்தால் "தம்பி, பையைப் பிடி" என்று அதிகாரம் பண்ணுவாள். லிஃப்ட் கதவு மூடியதும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவனுக்கு அந்தச் சிரிப்பு வராமல் போய் வெகுநாள் ஆயிற்று. ஏன் என்று அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

அவள் வீட்டுக்காரம்மாவுக்குக் காபியை வைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்காரு."

"அக்காவே சொல்லிட்டா. நீ என்ன சொல்ற?" என்றார் வீட்டுக்காரம்மா.

தலையாட்டினால் வீடு நிலைக்கும். அது அவனுக்கும் தெரியும்.

"அவ எனக்கு அக்கா இல்லீங்க."

வீட்டுக்காரம்மா அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு படுக்கையறைக் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அவர் போனதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி! இனிமே இப்படி ஒரு வீடு கிடைக்குமா? எதுக்குடா சொன்ன?"

"வயிறு எரிஞ்சுது."

"எதுக்கு?"

"நல்லாத்தான் இருக்காருன்னியே, அதுக்கு."

அவள் உள்ளே போனாள். காலி டம்ளர் ஒன்றோடு திரும்பி வந்தாள். எதிரே உட்கார்ந்து, வீட்டுக்காரம்மா தொடாமல் விட்டுப்போன காபியில் பாதியை அதில் ஊற்றி, அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் பக்கம் நகர்த்தினாள்.