அறுபதுக்குக் கீழே போனால்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. மறைப்பானேன், கேட்டது என் வீட்டுக்குள்தான். என் மனைவிக்கு நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை. எந்தத் தெருவில் வருங்காலத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்துச் சொல்வாள். அவளுடைய அக்கா ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்காவின் குரல்...

(மழையே இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.)

பத்து வருடத்தில் அக்காவின் பள்ளியில் பிள்ளைகள் அறுபதுக்குக் கீழே போய்விடுவார்கள் என்றது மனைவியின் அறிக்கை. அப்படிக் குறையப்போகும் பள்ளிகளை இப்போதே அடுத்த பள்ளியோடு சேர்த்துவிடுவது நிர்வாகத்தின் வழக்கம்.

"என் பள்ளிக்கூடத்துக்கே நாள் குறிச்சிட்டியேடி" என்றாள் அக்கா தொலைபேசியில்.

"பிறப்பு குறையுதுக்கா. அதைத்தான் எழுதினேன்."

"ஒரு நடை வந்து பாத்துட்டு எழுது."

3

போனாள். பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குகள் அடுக்குமாடி வீடுகளாகியிருந்தன. மாடிக்கு மாடி கொடியில் குட்டிச் சட்டைகள். புதிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த நர்சுகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இவள் கையில் இருந்த குடிபெயர்வுக் கணக்கோ ஆறு வருடப் பழசு.

இந்த இடத்தில், அக்காவுக்காக அவள் எண்ணைத் திருத்தினாள் என்று எழுதினேன். கதைக்குக் கொஞ்சம் காரம் வேண்டுமே. என் தோளுக்கு மேலாகப் படித்தவள், "அப்படி எழுதினா இனிமே சமையல் உங்களோடது" என்றாள். அடித்துவிட்டேன்.

உண்மையில் அவள் மேலதிகாரியிடம் போய், "அது எங்க அக்கா பள்ளிக்கூடம் சார். புதுக் கணக்கை வேற யாராவது போடட்டும்" என்றாள். புதுக் கணக்கு வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அக்காவின் அழைப்பை அவள் எடுக்கவே இல்லை. (அப்போது வீட்டில் நிலவிய அமைதியை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது.)

வேறொருவர் போட்ட கணக்கில் எண்பத்தைந்து பிள்ளைகள் வந்தார்கள். பள்ளி பிழைத்தது. ஆனாலும் கட்டடத்தில் பாதி காலியாகத்தான் கிடக்கும். அதே தெருக்களில் எழுபது தாண்டியவர்கள் இரட்டிப்பாவார்கள். கீழ்த்தளத்தில் முதியோருக்கு ஒரு மருத்துவ மையம் வைக்கலாம் என்று என் மனைவி பரிந்துரைத்தாள்.

"பெரியவங்க இருமலும் என் பிள்ளைங்க கூச்சலும் ஒண்ணா? நல்லாருக்கும்டி" என்று அக்கா நொடித்தாள். சற்றுப் பொறுத்து, "வாசல் தனியா வைப்பாங்கல்ல?" என்றாள்.

என் மனைவி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

4

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். அவள் கணிப்பிலும் மூன்று உண்டு: கூடுதல், நடுத்தரம், குறைவு.

"இதுல எதுதான் நடக்கும்?"

"தெரியாது. எது நடந்தாலும் தாங்குற மாதிரி திட்டம் போடணும். அவ்வளவுதான் என் வேலை."

போன வாரம் மையத்துக்கான கட்டட வேலை தொடங்கியது. பள்ளிக்கும் மையத்துக்கும் நடுவே செங்கல் சுவர் இல்லை. கழற்றி நகர்த்தக்கூடிய பலகைத் தடுப்பு. அவள் கேட்டு வாங்கியது. பத்து வருடத்தில் அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அப்போது அந்தத் தெருவுக்குப் போனால் பார்த்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.