கமாவுக்கு ஒரு நாள்

எங்கள் அலுவலகத்தில் நான் தேதி போட்டால்தான் மறுநாள் விடியும். மென்பொருளின் கோப்புகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில், ஒரு கோப்பின் முதல் வரியில் பதிப்புத் தேதி இருக்கும். சாயங்காலம் கிளம்புமுன் அதைக் கையால் மாற்றுவது என் வேலை. மறந்துவிட்டால் அதே நாள் திரும்ப வரும். கேன்டீனில் அதே உப்புமா, எல்லோரும் என்னை முறைப்பார்கள். வருடக்கணக்கில் லீவே இல்லை. அலுத்துவிட்டது.

கூட வேலை செய்யும் குமுதவல்லி என் அலுப்பைப் பார்த்துவிட்டு, ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்றை எழுதினாள். யார் எதைத் திருத்திக் களஞ்சியத்தில் சேர்த்தாலும் தேதி தானாக ஒரு நாள் நகரும். "இனிமே நிம்மதியா வீட்டுக்குப் போங்க சார்" என்றாள். மறுநாள் என் மகள் நிலானிக்குப் பள்ளியில் முதல் நாள். நான்தான் கூட்டிப்போவேன் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் குழுவில் இருக்கும் எழிலனுக்கு ஒரு கமாவைத் திருத்தினாலும் உடனே சேர்த்துவிட வேண்டும். நல்ல பழக்கம்தான், நாங்களே சொல்லிக்கொடுத்தது. முதல் கமாவைச் சேர்த்தான். மனைவி போன் செய்தாள்.

"விடிஞ்சிருச்சுங்க. பாப்பா யூனிஃபார்ம் போட்டு நிக்கிறா. எங்க இருக்கீங்க?"

நான் லிஃப்டுக்குப் போவதற்குள் இன்னொரு கமா. அவன் சாப்பிட எழுந்தபோது வெளியே இரண்டு மழைக்காலம் முடிந்திருந்தது.

"அந்த ஸ்கிரிப்டை எடுத்துடும்மா" என்றேன்.

"எடுக்கலாம் சார். எடுத்ததையும் சேர்க்கணுமே, அதுக்கும் ஒரு நாள் போகும்."

அதற்கும் வரிசை உண்டு. முன்னால் நின்ற எழிலனின் கமாக்களெல்லாம் உள்ளே போய், கடைசியில் எங்கள் முறை வந்தது. சேர்த்தோம். விடிந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்த நிலானி என்னைவிட உயரமாக இருந்தாள். பள்ளி முதல் நாளுக்கென்று வாங்கிய சின்னப் பையின் வார் தோளுக்கு எட்டாமல் கையில் தொங்கியது.

"கிளம்பலாமாப்பா? நீங்க வராம போகமாட்டேன்னு இருந்துட்டேன்."

பள்ளிக்கு நடந்தோம். டீச்சர் அவளை முதல் வரிசையில் குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார். முழங்கால் முகவாயில் இடித்தது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் நான் தேதியை மாற்றவில்லை. அதே உப்புமாதான் வரும், முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

விடிந்தபோது நிலானி பையோடு வாசலில் நின்றாள். அதே நாள்தான், ஆனால் போனதில் கொஞ்சம் திரும்பி வந்ததுபோல் அவள் மட்டும் நேற்றைவிட ஒரு விரல் குட்டையாக இருந்தாள். வாரைத் தோளில் மாட்டிப் பார்த்தேன், இன்னும் எட்டவில்லை. கையிலேயே தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினோம்.