வெட்டாத பக்கங்கள்

ஏசி மெக்கானிக் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் ஒரே போடாகப் போட்டுவிடுவார். தேசிய நூலகத்தின் அரிய நூல் பிரிவில் இல்லறம் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறதாம், ஒரே பிரதிதானாம், இளவயதில் அதை வரி விடாமல் படித்தாராம். மருமகன் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட வேண்டும் என்றுகூட அதில் போட்டிருந்ததாம். இருநூறு வருஷத்துப் புத்தகத்துக்குள் மோட்டார் எப்படி வந்தது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் அதே பிரிவில் குளிர்சாதனம் சரிபார்க்கும் வேலை வந்தது. வேலை முடிந்ததும் அவன் பட்டியலைப் புரட்டினான். புத்தகம் உண்மையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து, மாமாவை அங்கே ஒரு நடை கூட்டிப் போகிறேன் என்றான். அவருக்கு உடனே முழங்கால் வலி வந்தது. அத்தைதான் தைலத்தைத் தேய்த்து அனுப்பிவைத்தாள்.

பையையும் பேனாவையும் நூலக வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் அம்மா ஒரு மெத்தைத் திண்டின்மேல் புத்தகத்தைப் பச்சைக் குழந்தையைப் போலக் கிடத்தினாள். மருமகன் புரட்டப் போனான்; பக்கங்கள் பிரியவில்லை. பழைய காலத்தில் தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள், வாங்கியவர்தான் கத்தியால் விளிம்பை வெட்டிப் படிக்க வேண்டும் என்று அந்த அம்மா விளக்கினாள்.

"இதை இன்னும் யாரும் வெட்டலைங்க. தலைப்புப் பக்கத்தைத் தவிர ஒருத்தரும் படிச்சதில்லை."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடியவே இல்லை.

வீட்டில் கால் வைத்ததும் புத்தகத்தைப் பார்த்தீர்களா என்று அத்தை கேட்டாள். மாமனார் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"பார்த்தோம் அத்தை. மாமா சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு," என்றான் மருமகன். "ஞாயித்துக்கிழமை மட்டும் மருமகன் பத்து மணி வரைக்கும் தூங்கலாமாம்."

"அப்படியா? எந்தப் பக்கத்துல?"

மாமனார் தலை நிமிராமல், "எழுபத்திரண்டு," என்றார்.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்களுக்கு அதில் என்ன போட்டிருக்கிறது என்று தானே போய்ப் பார்த்துவிடுவதாகச் சொன்னாள். மருமகன் பதறிப்போய், அங்கே ஏசி பழுது, பிரிவையே ஒரு மாதம் பூட்டிவிட்டார்கள் என்றான். மாமனார் பலமாகத் தலையாட்டினார். அவள் உடனே நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். பத்திலிருந்து நான்கு வரை திறந்திருக்கும் என்றார்கள்.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினாள். மாலையில் திரும்பிவந்து வழக்கம்போல் துணி மடித்தாள். புத்தகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆகியும் அத்தை எழுந்திருக்கவில்லை. கதவைத் தட்ட மாமனாருக்குத் தைரியம் வரவில்லை. மருமகன் அடுப்பைப் பற்றவைத்தான். மாமனார் வெங்காயம் உரித்தார். எந்தப் பக்கம் என்று மட்டும் இருவரும் அவளிடம் கேட்கவே இல்லை.